கிடாவை மாற்றினால் மந்தை நிற்கும்

மூலனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 4 ஏக்கர் கொரங்காடு, 32 மேச்சேரித் தாயாடுகள், ஒரு கிடா. கணவர் இருந்தவரை மந்தையை அவர் பார்த்துக்கொண்டார். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து மேய்ப்பதும் அடைப்பதும் இந்த அம்மாதான். இந்த ஐப்பசி, கார்த்திகையில் 19 குட்டிகள் பிறந்தன. 8 குட்டிகள் பத்து நாளைக்குள் செத்துப்போயின. பிழைத்தவையும் எழுந்து நின்று பால் குடிக்கத் திணறுகின்றன. நாலைந்து தாயாடுகளுக்குக் கீழ்த்தாடையில் பை போல நீர் தொங்குகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய பூச்சி மருந்தை எல்லா ஆட்டுக்கும் இரண்டு தடவை ஊற்றியாகிவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், எல்லாவற்றையும் கன்னிவாடி சந்தைக்கு ஓட்டிவிட்டுக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்கிறார். “வித்துட்டா திரும்ப வாங்க முடியாது. வெச்சிருந்தா செத்துப்போகுது. என்ன செய்யறது?” என்பது கேள்வி.

கடிதத்தின் கடைசியில், வேறு எதையோ சொல்ல வந்தவர் போல ஒரு வரி எழுதியிருக்கிறார். கிடா, கணவர் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது. அவர் போன பிறகு பொங்கல் வைக்க மனம் வரவில்லை. அதனால் ஐந்து வருடமாக அதே கிடாதான் மந்தையில் நிற்கிறது.

பதில் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மந்தையை விற்க வேண்டாம். ஆனால் 32 ஆடுகளையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம், அந்தக் கிடாவை இனி தாயாடுகளோடு விடவும் வேண்டாம்.

கணக்கு எளிது. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 5 மாதம், அதாவது 147 முதல் 150 நாள். கிடா மந்தைக்குள் வந்த ஐந்தாம் மாதம் அதன் முதல் குட்டிகள் பிறக்கின்றன. பெட்டைக்குட்டி ஒரு வயதில் பருவத்துக்கு வந்துவிடும். ஆக, ஒன்றரை வருடம் கழிந்ததும் கிடா தன் மகள்களோடு சேரத் தொடங்குகிறது. மூன்று வருடத்தில் மகள் வயிற்றில் பிறந்த பெட்டையோடும் அதே கிடாதான். ஐந்து வருடம் என்றால் மந்தையில் உள்ள இளம் பெட்டைகளில் பெரும்பாலானவை அதன் ரத்தம். இப்படிச் சேர்ந்து பிறக்கும் குட்டிக்குப் பிறவி எடை குறையும், உயிர்ப்பிடிப்பு குறையும், நோயைத் தாங்கும் சக்தியும் குறையும். மேச்சேரிக் குட்டி பிறக்கும்போது இரண்டு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோவில் பிறக்கும் குட்டிக்கு மழைக்கால இரவு ஒன்றைத் தாண்டுவதே பெரிய வேலை.

அதனால்தான் கிடாவை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். கிடா கெட்டுப்போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அதே கிடா வேறு ஊர் மந்தையில் இன்னும் மூன்று வருடம் நன்றாக வேலை செய்யும். இரண்டு விவசாயிகள் பேசிவைத்துக் கிடாவை மாற்றிக்கொண்டால் கைக்காசுகூடச் செலவாகாது. நேர்ந்துவிட்ட கிடாவுக்கு அந்த வழி இல்லை என்பது புரிகிறது. நேர்த்திக்கடனைச் செலுத்தும் நாள் வரை அதைத் தனியே கட்டி வளர்க்கலாம், அல்லது அடிவயிற்றில் சாக்குத் துணி கட்டி மேயவிடலாம். சாக்கு நழுவியிருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். ஒரு நாள் நழுவினால் போதும். நேர்த்திக்கடனை எப்போது முடிப்பது என்பது அந்தக் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். மந்தை அதற்காகக் காத்திருக்க முடியாது.

இது இவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தவறு அல்ல. கொரங்காடு உள்ள ஊர்களில் மந்தைகளைப் பார்த்தால் வேறொரு வழக்கமும் கண்ணில் படும். ஆடி நோன்பு, கிடாவெட்டு, கல்யாணம் என்று வியாபாரி வந்து நிற்கும்போது எந்தக் குட்டியைப் பிடிக்கிறார்? மூன்று, நாலு மாதத்திலேயே வளர்ந்து பளபளவென்று நிற்கும் கிடாக்குட்டியைத்தான். விலையும் அதற்குத்தான் கிடைக்கிறது. வளராமல் ஒடுங்கி நிற்பதை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுப்போகிறார். அது ஒரு வருடம் கழித்துப் பருவத்துக்கு வந்து மந்தைக்குத் தகப்பனாகிவிடுகிறது. விதைநெல்லுக்குக் கருக்காயை எடுத்துவைத்து நல்ல நெல்லைக் குத்தித் தின்கிற வேலை இது. நெல்லில் எந்த விவசாயியும் இதைச் செய்யமாட்டார். ஆட்டில் மட்டும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஊர் ஆடு சிறுத்துவிட்டது என்று இனத்தின் மேல் பழி போடுகிறோம்.

ஆக, புதுக் கிடா எப்படி இருக்க வேண்டும்? குறைந்தது இரண்டு, மூன்று ஊர் தள்ளி உள்ள மந்தையிலிருந்து வர வேண்டும். முடிந்தால் அதன் தாயை நேரில் பார்க்க வேண்டும். தாயின் மடி இரண்டு காம்பும் சரியாக இருக்கிறதா, வருடம் தவறாமல் குட்டி போட்டதா, போட்ட குட்டிகள் பிழைத்தனவா என்று கேட்க வேண்டும். கிடாவின் கொம்பையும் நிறத்தையும் பார்ப்பவர்கள் தாயைக் கேட்பதில்லை. மேச்சேரியில் கிடாவுக்கும் பெரும்பாலும் கொம்பு இருக்காது. இளம் பழுப்பு நிறம், ரோமம் குட்டை. வயது, கீழ்த்தாடையில் இரண்டு பெரிய பல் விழுந்து முளைத்து நாலு பல் ஆகும் பருவம், அதாவது ஒன்றரை முதல் இரண்டு வருடம். விரை இரண்டும் கீழே இறங்கி, ஒரே அளவில், கையில் பிடித்தால் கல் போலவும் இல்லாமல் குழையவும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு விரை மட்டும் இறங்கிய கிடாவைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அந்தக் குறை பிள்ளைகளுக்கும் போகும். நாலு கால் குளம்பும் நிமிர்ந்து இருக்க வேண்டும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கிடா இருக்கும் நேரத்தில் கேட்டு வாங்கலாம்.

வாங்கி வந்த அன்றே மந்தையில் விடக் கூடாது. மூன்று வாரம் தனியே கட்டிவைத்து, சாணம் பரிசோதித்துக் குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்ட பிறகே கலக்க வேண்டும். வெளியூர் நோய் உள்ளே வரும் வாசல் இந்த ஒன்றுதான்.

இனி தாடை வீக்கத்துக்கு வரலாம். மழைக்குப் பிறகு மேய்ச்சல் ஆட்டில் கீழ்த்தாடை வீங்கினால், பெரும்பாலும் நான்காம் வயிற்றில் ஒட்டி ரத்தம் குடிக்கும் உருண்டைப் புழுதான் காரணம். ஒரு புழு குடிப்பது ஒரு நாளைக்குத் துளியளவுதான். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் போகிறது. 25 கிலோ தாயாட்டின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர் சொச்சம். ரத்தம் வற்றியதும் உடம்பில் புரதம் குறைந்து, தலை குனிந்து மேய்கையில் நீர் தாடையில் இறங்குகிறது. இப்படி இருக்கும் தாய்க்குக் குட்டியை வயிற்றில் வளர்க்கவும் சத்து இல்லை, மடியில் சீம்பால் சுரக்கவும் சத்து இல்லை. பத்து நாள் குட்டி நேரடியாகப் புழுவால் சாவதில்லை. தாயின் புழு குட்டியைப் பட்டினி போடுகிறது. ரத்த உறவுச் சேர்க்கையால் மெலிந்து பிறந்த குட்டி, பாலில்லாத தாய், ஐப்பசி மழை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததில்தான் அந்த 8 குட்டிகளும் போயிருக்க வேண்டும். உறுதியாகத் தெரிந்துகொள்ள, இனி ஒரு குட்டி செத்தால் புதைக்காமல் மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சினை கலைவதும் நடந்திருந்தால் கட்டாயம் ரத்தம் பரிசோதிக்க வேண்டும். கலைந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. சில நோய் மனிதருக்கும் வரும்.

இரண்டு தடவை மருந்து ஊற்றியும் ஏன் சரியாகவில்லை? மூன்று காரணம் இருக்கலாம். அளவு குறைந்திருக்கலாம், கண்ணால் பார்த்து 18 கிலோ என்று ஊற்றிய ஆடு 26 கிலோவாக இருக்கும். ஒரே மருந்தை வருடக்கணக்கில் கொடுத்துப் புழு பழகிப்போயிருக்கலாம். அல்லது வந்திருப்பது வேறு புழுவாக இருக்கலாம். வாய்க்கால், குட்டை ஓரம் மேயும் ஆட்டுக்குக் கல்லீரல் தட்டைப்புழுவாலும் தாடை வீங்கும். அதற்கு மருந்து வேறு. ஐந்தாறு ஆட்டின் புது சாணத்தைத் தனித்தனிப் பொட்டலமாகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் எந்தப் புழு என்று சொல்லிவிடுவார்கள். சினை ஆட்டுக்கு முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகும். மருந்துக் கடையில் இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றுவதும் சரியில்லை. மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே மந்தை முழுவதும் பெருகும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஒரு முறை இதற்கு உதவும். ஆட்டின் கீழ் இமையைக் கீழே இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பு என்றால் மருந்து வேண்டாம். இளஞ்சிவப்பு என்றால் அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம். வெளுத்துப்போயிருந்தால் அந்த ஆட்டுக்கு அன்றே மருந்து. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை பட்டியை அடைக்கும்போது பார்த்தால் 30 ஆட்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். வெளுத்த ஆட்டின் காதில் சாயம் வைத்துக் கணக்கு வைக்க வேண்டும். ஒரு வருடத்தில் மூன்று தடவை வெளுத்த ஆடு, மருந்து கொடுத்தாலும் புழுவைத் தாங்காத ஆடு. மேய்ச்சல் தரையில் அதிக முட்டையைப் போடுவதும் அதுதான். அதன் பெட்டைக்குட்டியையும் வளர்ப்புக்கு வைக்கக் கூடாது.

விற்க வேண்டியவை இவைதான். திரும்பத் திரும்ப வெளுக்கும் ஆடு, மடி கல்லாகிப்போன ஆடு, பல் விழுந்து மேய முடியாத கிழ ஆடு, இரண்டு வருடம் சினை பிடிக்காதது. தாடை வீங்கிய ஆட்டை முதலில் மருந்து கொடுத்துத் தேற்றி, பிறகு முடிவு செய்யலாம். சாகப்போகும் நிலையில் சந்தைக்கு ஓட்டினால் பாதி விலைகூட வராது. இப்படிக் கழித்தால் 32 என்பது 22, 24-க்கு வரும். மகன் கேட்ட விற்பனையில் கால்வாசியாவது இதிலேயே நடந்துவிடுகிறது. அந்தப் பணத்தில் ஒரு கிடாவும் தாயாடுகளுக்கு ஒரு பருவத் தீவனமும் வாங்கலாம். 25, 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும்.

எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதற்குக் காடும் ஒரு காரணம். 25 கிலோ ஆடு ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த எடையில் தீவனம் தின்னும். 32 தாயாடும் குட்டிகளும் கிடாவும் சேர்த்துத் தினம் 30 கிலோ என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 11 டன். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெய்யும் சீமையில், 4 ஏக்கர் மானாவாரிக் கொழுக்கட்டைப் புல் அவ்வளவு கொடுக்காது. அறுவடை முடிந்த காட்டில் மேய்த்தும், சோளத்தட்டு போட்டும், வெள்வேல் நெற்று பொறுக்கியும் மீதியைச் சமாளிக்கிறார்கள். சமாளிக்க முடியாதபோது ஆடு புல்லை வேர் வரை கறும்பிவிடுகிறது. அங்கேதான் புழு காத்திருக்கிறது. சாணத்தில் விழுந்த முட்டை ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் குஞ்சுப்புழுவாகி, ஈரத்தோடு புல்லில் ஏறுகிறது. பெரும்பாலும் அடியில் நாலு விரல் உயரத்துக்குள்ளேயே இருக்கும். புல் உயரமாக இருக்கும்போது நுனியை மேயும் ஆடு தப்பிக்கிறது, அடி வரை மேயும் ஆடு மாட்டிக்கொள்கிறது. பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதும் இதனால்தான்.

கொரங்காட்டை அமைத்தவர்கள் இதைப் புழு என்று அறிந்து செய்யவில்லை. ஆனால் சரியாகச் செய்திருக்கிறார்கள். கிளுவை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, நடுவே வெள்வேல் விட்டு, ஒரு துண்டை மேய்த்துவிட்டு அடுத்த துண்டுக்கு மாற்றுவது பழைய முறை. காங்கேயம் மாடு மேய்ந்த துண்டில் பின்னால் ஆடு மேயும். ஆட்டுப் புழுவின் குஞ்சை மாடு விழுங்கினால் அது பெரும்பாலும் மாட்டின் வயிற்றில் வளர்வதில்லை. மாடு காட்டைத் துப்புரவாக்கிக் கொடுக்கிறது. மாடு போய் ஆடு மட்டும் நிற்கும் கொரங்காடுகளில் புழுத் தொல்லை கூடியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்த 4 ஏக்கரையும் நான்காகப் பிரிக்கலாம். கிளுவைக் குச்சி நட்டு வேலி அடர்வதற்குச் சில வருடம் ஆகும். அதுவரை படலோ வலையோ கட்டிச் சமாளிக்கலாம். புல் நாலு விரலுக்குக் குறைவதற்குள் அடுத்த துண்டுக்கு மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு துண்டில் ஐந்தாறு நாளுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. நான்கு துண்டும் சுற்றி முடிவதற்குள் முதல் துண்டு ஆறாது. இடையில் அறுவடை முடிந்த காட்டிலோ பட்டியில் சோளத்தட்டு போட்டோ நாளைக் கடத்த வேண்டும். வெயிலில் காலியாகக் கிடக்கும் துண்டில் குஞ்சுப்புழு தின்ன ஆளில்லாமல் செத்துக் குறையும். பக்கத்து வீட்டு மாட்டை ஆடு மேய்ந்த துண்டில் வாரம் ஒரு முறை விடச் சொன்னால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

அடுத்தது, குட்டி எந்த மாதத்தில் பிறக்க வேண்டும் என்பது. கிடா வருடம் முழுவதும் மந்தையிலேயே நின்றால் குட்டி ஐப்பசி அடைமழையிலும் விழும், சித்திரை வெயிலிலும் விழும். புதுக் கிடாவைத் தனியே வைத்திருந்து, ஆடி மாதம் மந்தையில் விட்டு ஆவணி பாதியில் பிரித்துவிடலாம். பெட்டை 17 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். 45 நாளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பாவது கிடைக்கும். ஆடியில் சேர்ந்தது மார்கழியில் ஈனும். மழை விட்டிருக்கும், காட்டில் புல் இன்னும் இருக்கும், சினையின் கடைசி மாதம் கார்த்திகைப் பச்சையில் கழிந்திருக்கும். ஆடிக் காற்றில் காடு காய்ந்து கிடப்பதால், கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் சினை பிடிப்பது கூடும். வருடம் முழுவதும் இரண்டு, மூன்று குட்டி விற்றுக் கைச்செலவு பார்ப்பவர்களுக்கு இந்த முறை சங்கடம்தான். பணம் ஒரே சமயத்தில் வரும். ஆனால் குட்டிகள் ஒரே அளவில் நின்றால் வியாபாரியிடம் பேசும் பேரமும் வேறு மாதிரி இருக்கும்.

வயிற்றுக் குட்டியின் எடையில் முக்கால்வாசி கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அந்த ஆறு வாரம் தாய்க்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுக்க வேண்டும். 10 கிலோ கலவைக்கு உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2.5 கிலோ, தவிடு 3.2 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், உப்பு 100 கிராம். முதல் நாளே முழு அளவு வைத்தால் வயிறு உப்பும். 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டும்.

குட்டி விழுந்ததும் முகத்தைத் துடைத்து, தொப்புளை அயோடினில் நனைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். எழ முடியாத குட்டிக்குத் தாயிடம் கறந்து, கிலோ எடைக்கு 50 மில்லி வீதம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். அந்தத் தாய்க்குப் பால் இல்லையென்றால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால் போதும். கொடாப்புக்குள் அடைக்கும்போது தரையில் காய்ந்த தட்டோ சாம்பலோ போட்டால் மார்கழிப் பனியின் ஈரம் ஏறாது.

தடுப்பூசியில் துள்ளுமாரிக்கு வருடம் ஒரு முறை, மழைக்கு முன்னால். முதல் தடவை போடும் ஆட்டுக்கு இரண்டு வாரம் கழித்து மறு ஊசி. மழை பெய்து திடீரென்று இளம்புல் தின்னும் நல்ல குட்டிகளைத்தான் அது கொண்டுபோகும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு நாலு மாதக் குட்டிக்குப் போட்டால் மூன்று வருடம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொசுவைவிடச் சிறிய ஈக்கள் நீலநாக்கு நோயைப் பரப்பும். அதற்கும் பருவத்துக்கு முன்பே ஊசி போட்டு, மாலையில் பட்டியில் மூட்டம் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

கரூரிலிருந்து இன்னொரு வாசகர் சுருக்கமாகக் கேட்கிறார்: மேச்சேரிப் பெட்டைக்கு உயரமான நெல்லூர்க் கிடா போட்டால் குட்டி சீக்கிரம் எடை ஏறுமா? ஏறலாம், தீவனம் இருந்தால். சிறிய கூடுள்ள மேச்சேரிப் பெட்டை, முதல் ஈற்றில் பெரிய குட்டியை ஈன முடியாமல் அவதிப்படுவதும் உண்டு. மேய்ச்சலை மட்டும் நம்பிய கொரங்காட்டில், கறிக்கு விற்றுவிடும் குட்டிக்காகச் செய்வதென்றால் மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, உடம்புள்ள நாலைந்து தாயாடுகளுக்கு மட்டும் செய்து பார்க்கலாம். அதில் பிறக்கும் பெட்டைகளை வளர்ப்புக்கு நிறுத்தாமல் விற்றுவிட வேண்டும்.